மூன்று முறை மருந்து வைத்தும் எரிச்சல் போகவில்லை

கேள்வி:

டாக்டர், இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்பதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். யாரிடமும் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாகப் பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல். சில நாள் உட்கார்ந்து எழுந்தால்கூட உரசுகிற மாதிரி இருக்கிறது. கணவருடன் சேரும்போது பிளேடால் கீறுவதுபோல வலி. ஆறேழு மாதமாக விலகியே படுக்கிறேன். அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. மருந்துக் கடையில் சொல்லி, பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரையை மூன்று முறை வாங்கி உள்ளே வைத்தேன். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். வாடை வந்துவிடுமோ என்று பயந்து, அதற்கென்றே விற்கும் திரவத்தால் தினமும் இரண்டு வேளை கழுவுகிறேன். ஒரு வருடத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். கடைசியாகச் சேர்ந்தபோது இரண்டு சொட்டு ரத்தம் பட்டது. போன மாதம் எதுவுமில்லாமலே உள்ளாடையில் லேசான கறை. ஒரு டாக்டரிடம் வலியைப் பற்றி மட்டும் சொன்னேன். “வயசாகுதில்ல, அதெல்லாம் குறைச்சுக்குங்க” என்று சிரித்தார். ரத்தம் பட்டதைச் சொல்ல அதற்குமேல் வாய் வரவில்லை. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து இப்போது சிகிச்சையில் இருக்கிறார், அதனால் ஹார்மோன் என்றாலே எனக்குப் பயம். இது என்ன நோய்? சுத்தக் குறைவா? இனி இப்படித்தானா? டாக்டரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அந்த டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கடிதத்தில் தள்ளிப்போடக் கூடாதது அது ஒன்றுதான். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டால், அதன்பிறகு ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பா, பழுப்பா, வெறும் கறையா, ஒரு தடவையா, நான்கு தடவையா என்பதெல்லாம் கணக்கே இல்லை.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் பட்ட பெண்கள் 100 பேரைப் பரிசோதித்தால், ஏறத்தாழ 9 பேருக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் இருப்பது தெரிய வருகிறது. மற்றவர்களுக்கு வறண்ட சதை கீறியிருக்கும், அல்லது பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி இருக்கும், அல்லது காரணம் என்று எதுவுமே அகப்படாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் புற்றுநோய் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரிடம் ரத்தக் கசிவுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. வெளியே தெரியாமல் வளர்ந்து கடைசியில் தலைகாட்டும் புற்றுநோய்களைப் போல இல்லை இது. ஆரம்பத்திலேயே ஒரு கறையாக வந்து சொல்லிவிடுகிறது. அப்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு முழுதாகக் குணமாகிறது. அந்தக் கறையைத் துவைத்துவிட்டு மறந்துபோவதில்தான் ஆபத்து.

பரிசோதனை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்ப்பார்கள். சமீபத்தில் எடுத்திருக்காவிட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனைக்கு அங்கிருந்து மாதிரி எடுப்பார்கள். பிறகு யோனி வழியாக ஒரு ஸ்கேன். அதில் கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, சவ்வு சரியாகத் தெரியாவிட்டாலோ, ரத்தம் மறுபடி மறுபடி பட்டாலோ, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுச் சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. மாதவிலக்கு வலிபோல ஒரு பிடிப்பு வரும், போய்விடும். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.

சரி, இனி எரிச்சலுக்கு வருவோம்.

உங்களுக்கு இருப்பது பூஞ்சைத் தொற்று என்று நான் நினைக்கவில்லை. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எனக்கு நன்றாகப் பழக்கமானது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து வறட்சி, அப்புறம் உரசல், அப்புறம் சேரும்போது கீறும் வலி, கூடவே நீர்க்கடுப்பு. இந்த நான்கையும் தனித்தனி வியாதியாக நினைத்து நீங்கள் தனித்தனியாக மருந்து தேடியிருக்கிறீர்கள். நான்குக்கும் வேர் ஒன்றுதான்.

சினைப்பைகள் வேலையை நிறுத்தியதும் ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போகிறது. அந்த ஹார்மோனை நம்பி வாழும் இடங்கள் உடம்பில் பல உண்டு, அதில் யோனி முதல் வரிசையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை யோனியின் உட்தோல் பல அடுக்காக, மெத்தென்று, மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த அடுக்குகளில் கிளைக்கோஜன் என்ற ஒருவகை மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதிலிருந்து கிடைப்பதைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். 1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் இந்தப் பாக்டீரியாவை விவரித்து எழுதினார். மாதவிலக்கு வரும் வயதில் யோனியின் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில் நிற்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். கெட்ட கிருமிகளுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது.

ஈஸ்ட்ரோஜன் போனால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். தோல் சில அடுக்காக மெலிந்துபோகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, ரத்த ஓட்டம் குறைகிறது, ஈரம் ஊறுவதில்லை. கிளைக்கோஜன் இல்லாததால் நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன, பி.எச். 5-ஐத் தாண்டிவிடுகிறது. உட்கார்ந்தால் உரசுவது அந்த மெலிந்த தோல்தான். சேரும்போது கீறுவதும் அதுதான். சிறுநீர்க் குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் கருவிலேயே யோனியோடு சேர்ந்து உருவானவை, அவற்றுக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அவையும் மெலிந்து, பக்கத்தில் காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியாவும் போய்விட்டால், மலவாய்ப் பக்கத்துக் கிருமிகள் சுலபமாக ஏறி வந்துவிடும். உங்கள் மூன்று நீர்க்கடுப்பும் இப்படி வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதற்கு முன்பெல்லாம் “யோனி நலிவு” என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பெண்ணும் கேட்க விரும்பாத பெயர். சிறுநீர்த் தொந்தரவுகளும் அதில் அடங்கவில்லை. 2014-இல் இரண்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து “மெனோபாஸின் பிறப்புறுப்பு–சிறுநீர்ப்பாதைத் தொகுப்பு” என்று பொருள்படும்படி பெயரை மாற்றின. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவுகள் வருகின்றன. உடம்பு திடீரென்று சூடேறி வியர்ப்பது போன்ற மற்ற மெனோபாஸ் தொல்லைகள் பெரும்பாலும் சில வருடங்களில் தானாக அடங்கிவிடும். இது அடங்காது, விட்டுவிட்டால் கூடிக்கொண்டே போகும். “கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேன்” என்ற யோசனை இதற்குச் சரிப்படாது.

சுத்தக் குறைவா என்று கேட்டீர்கள். நேர்மாறு. நீங்கள் அளவுக்கு மீறிச் சுத்தம் செய்கிறீர்கள். ஏற்கெனவே மெலிந்து வறண்டிருக்கும் தோலில் தினமும் இரண்டு வேளை வாசனைத் திரவம் போட்டால் அது என்ன செய்யும், எரியத்தான் செய்யும். யோனி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் உறுப்பு, அதன் உள்ளே சோப்பு, திரவம், தண்ணீர்ப் பீய்ச்சல் எதுவும் போகவே கூடாது. வெளிப்புறத்துக்கு வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், ஒருநாளைக்கு ஒருமுறை, போதும். அந்தப் புட்டிகளில் “மருத்துவர் பரிந்துரைப்பது” என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். நான் பரிந்துரைத்ததில்லை. வாசனை போட்ட பஞ்சுத்துணிகள், தினசரி மெல்லிய பேடுகள், சவரம் செய்வது, இவற்றையும் கொஞ்சநாள் நிறுத்திப் பாருங்கள்.

பூஞ்சை மாத்திரை விஷயத்தில் மருந்துக் கடைக்காரரை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். எரிச்சல் என்று சொன்னால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் பூஞ்சை செழிக்க ஈஸ்ட்ரோஜன் வேண்டும், அதனால் மாதவிலக்கு நின்று, ஹார்மோனும் எடுக்காத பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருவதில்லை. விதிவிலக்கு உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் வரும். அதிலும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிகமாக வரும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட கையோடும் வரலாம். உங்களுக்குச் சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருந்து வைத்து இரண்டு நாள் நன்றாக இருந்தது என்கிறீர்களே, அந்த மாத்திரையில் இருக்கும் வழவழப்பே அந்த இரண்டு நாள் நிம்மதியைக் கொடுத்திருக்கலாம். பூஞ்சைதான் என்று சொல்ல வேண்டுமானால் திரவத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும். மூன்று தடவை மருந்து வைத்தும், ஒருமுறைகூட யாரும் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம்.

பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஒரு தோல் நோய் உண்டு. வெளி உதடுகளில் தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கும், ராத்திரியில் அரிப்பு தாங்காது, உள் உதடுகள் மெல்ல மெல்ல ஒட்டி மறைந்துபோகும். இதுவும் மெனோபாஸை ஒட்டிய வயதில் அதிகம், இதையும் “பூஞ்சை” என்று வருடக்கணக்கில் மருந்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு வேண்டியது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோய்க்கு இடமாகலாம். உங்களுக்கு அரிப்பைவிட எரிச்சலும் வறட்சியும்தான் முன்னால் நிற்கின்றன, அதனால் இது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் வீட்டில் ஒரு கண்ணாடியை எடுத்து நீங்களே பாருங்கள். 53 வருடத்தில் ஒருமுறைகூட அப்படிப் பார்க்காத பெண்கள்தான் அதிகம்.

இப்போது என்ன செய்வது? ரத்தக் கசிவின் காரணம் தெரியும்வரை ஹார்மோன் வேண்டாம். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். யோனிக்கென்று மாய்ஸ்சரைசர் உண்டு, ஹயலுரானிக் அமிலம் கலந்தது நல்லது. அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, உடலுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகத்துக்குக் க்ரீம் போடுவதுபோல வழக்கமாகப் போட வேண்டும். லூப்ரிகன்ட் வேறு. அது சேரும் நேரத்துக்கு மட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒன்றை வாங்கி, பலனில்லை என்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய. லூப்ரிகன்ட்டில் தண்ணீர் வகையும் சிலிக்கான் வகையும் இருக்கின்றன. வறட்சி அதிகம் உள்ளவர்களுக்குச் சிலிக்கான் வகை நீண்ட நேரம் நிற்கும். சூடேற்றும், குளிரவைக்கும், மணக்கும் என்று விற்பவை எதுவும் வேண்டாம். ஆணுறை பயன்படுத்துவதாக இருந்தால் எண்ணெய் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும்.

வறட்சி லேசாக இருப்பவர்களுக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். பரிசோதனை முடிந்து, கர்ப்பப்பையில் பிரச்சினையில்லை என்று தெரிந்ததும், உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். க்ரீமாகவும், சின்ன மாத்திரையாகவும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைக்கும் வளையமாகவும் வருகிறது. க்ரீமும் மாத்திரையும் வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை. சில வாரத்தில் வித்தியாசம் தெரியும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் ஆகும். பத்து நாள் வைத்துவிட்டு “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். சரியானதும் நிறுத்திவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நிறுத்தினால் தோல் மறுபடி மெலியும். கண்ணாடி போட்டுப் பார்வை தெளிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறோமா என்ன?

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2002-இல் அமெரிக்காவின் பெண்கள் நல முன்னெடுப்பு என்ற பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை வாய்வழியாகச் சாப்பிட்ட பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி ஆகியவை அந்தப் பிரிவில் கூடுதலாக இருந்தன. அன்றிலிருந்து ஹார்மோன் என்ற சொல்லே கெட்ட சொல்லாகிவிட்டது. உள்ளே வைக்கும் க்ரீமின் பெட்டியிலும் அதே எச்சரிக்கைத் தாளை மடித்து வைத்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுப்பார், வீட்டுக்குப் போய் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் பெட்டியை அப்படியே மூடிவைப்பார்கள். அளவைப் பாருங்கள். உள்ளே வைக்கும் மாத்திரை ஒன்றில் இருப்பது 10 மைக்ரோகிராம். முதல் வருடம் முழுக்க ஒழுங்காக வைத்தாலும் மொத்தம் சுமார் 1.14 மில்லிகிராம்தான் வருகிறது. வாய்வழியாகச் சாப்பிடும் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) மாத்திரை பலருக்கு ஒருநாளைக்கே 1 மில்லிகிராம். அவர்கள் ஒருநாளில் விழுங்குவதை நீங்கள் ஒரு வருடத்துக்குப் பிரித்து வைக்கிறீர்கள், அதுவும் வேண்டிய இடத்திலேயே. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இந்த அளவுக்குக் கர்ப்பப்பையைக் காக்க வேறு ஹார்மோன் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது என்பதால் மட்டும் உங்களுக்கு இது கூடாது என்பதில்லை. உங்களுக்கே வந்திருந்தால் பேச்சு வேறு. அப்போது ஹார்மோன் இல்லாத வழிகளை முதலில் பார்த்துவிட்டு, புற்றுநோய் மருத்துவரையும் கேட்டுத்தான் முடிவெடுப்போம், அதிலும் ஈஸ்ட்ரோஜனை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கூடுதல் கவனம். அக்கா என்றதும் இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் நீங்கள் எப்போது எடுத்தது? இன்னொன்று, சிகிச்சையில் இருக்கும் அவருக்கும் இதே வறட்சி இருக்கலாம், உங்களைவிட மோசமாகவே. அவரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

நீர்க்கடுப்பு ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் மருத்துவக் கணக்கில் அது “திரும்பத் திரும்ப வரும் தொற்று”. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். எரிச்சல் எல்லாமே கிருமி அல்ல, வறட்சியும் அப்படியே எரியும். இதில் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1993-இல் ராஸ், ஸ்டாம் என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்டது. மாதவிலக்கு நின்ற, நீர்த்தொற்று அடிக்கடி வரும் 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத க்ரீமும் கொடுத்தார்கள். மருந்தில்லாத பிரிவில் ஆளுக்கு வருடத்துக்கு 5.9 முறை தொற்று, எஸ்ட்ரியால் பிரிவில் 0.5. நல்ல பாக்டீரியாக்கள் திரும்பி வந்து குடியேறியதையும் அவர்கள் காட்டினார்கள். இது தெரிந்து இத்தனை வருடமாகியும் பெண்களுக்கு ஆன்டிபயாட்டிக் சீட்டுதான் முதலில் கிடைக்கிறது.

யாராவது லேசர் என்று ஆரம்பித்தால் அவசரப்படாதீர்கள். யோனியைப் “புதுப்பிக்கும்” லேசர் விளம்பரங்களைப் பற்றி 2018-இலேயே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்துவிட்டது. 2021-இல் வந்த ஒரு ஆய்வில், லேசர் வைத்தவர்களுக்கும் வைப்பதுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசமே இல்லை.

வலிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு வருடம் வலித்த இடம் வலியை ஞாபகம் வைத்திருக்கும். தோல் தேறிய பிறகும், தொட்டால் வலிக்கப்போகிறது என்று இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் வலிக்கும், வலித்தால் அடுத்தமுறை இன்னும் இறுகும். க்ரீம் மூன்று மாதம் வைத்தும் வலி தீரவில்லை என்றால் பெரும்பாலும் இந்தத் தசைகளைத்தான் பார்க்க வேண்டும். இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பார்கள். இதில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பது என்பது மட்டும் கூடவே கூடாது. வலியோடு சேர ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த ஞாபகம் ஆழமாகிறது.

அதனால் கணவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அவர் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் அவருக்கும் அந்த வயதுக்குரிய தடுமாற்றம் ஏதாவது இருந்து, உங்கள் விலகல் அவருக்கு வசதியாகவும் இருக்கலாம். இரண்டுமே நான் பார்த்த கதைகள்தான். நீளமாகப் பேச வேண்டாம். “உங்கமேல ஒண்ணும் இல்ல, எனக்கு அங்க புண்ணா வலிக்குது, டாக்டர்கிட்ட போறேன், சரியாகுற வரைக்கும் அது மட்டும் வேண்டாம்” என்று சொன்னால் போதும். “அது மட்டும்” என்பதை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் படுப்பதற்கும் கட்டிக்கொள்வதற்கும் யோனி ஈரமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாம் சரியான பிறகு உங்களுக்கே அதில் இனி ஆசையில்லை என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. அது நீங்களாக எடுக்கும் முடிவாக இருக்கட்டும், வலி எடுத்துக்கொடுத்த முடிவாக இருக்க வேண்டாம்.

சிரித்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் செய்தது தவறு. ஆனால் நான் பெரிய ஆளாகப் பேச முடியாது. தொழிலுக்கு வந்த முதல் பத்து வருடம், ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் நான் ரத்த அழுத்தம் கேட்டிருக்கிறேன், சர்க்கரை கேட்டிருக்கிறேன், மூட்டுவலி கேட்டிருக்கிறேன், “சேரும்போது வலிக்கிறதா” என்று கேட்டதில்லை. அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கடப்பட்டது நான்தான். ஒருநாள் ஒரு அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி, “இன்னொண்ணு இருக்கு” என்றார். பதினோரு வருட வலி. அன்றிலிருந்து நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.

பரிசோதனை மேசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பயமும் இருக்கும். உள்ளே பார்ப்பதற்காக யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவி பல அளவில் உண்டு. “எனக்கு மெனோபாஸ் ஆகிவிட்டது, ரொம்ப வறட்சி, சின்ன அளவு போடுங்கள், ஜெல் தடவுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு மேசையில் ஏறுங்கள். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வலித்தால் “நிறுத்துங்கள்” என்று சொல்லலாம், நிறுத்த வேண்டும். இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே எந்த மருந்தும், க்ரீமும் வைக்காமல் போங்கள், எடுக்கும் மாதிரி தெளிவாக இருக்கும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆரம்பித்துவிட்டீர்களே. உங்கள் கடிதத்தில் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வார்த்தையும் மன்னிப்பு. அவற்றை அடித்துவிட்டால் மீதி இருப்பது ஒரு மருத்துவருக்கு வேண்டிய அத்தனையும்: வயது, மாதவிலக்கு நின்ற காலம், என்னென்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்னென்ன மருந்து, எத்தனை தொற்று, ரத்தம் எப்போது பட்டது, குடும்பத்தில் யாருக்கு என்ன. எனக்கு வரும் எத்தனையோ பரிந்துரைக் கடிதங்களில் இவ்வளவு தெளிவு இருப்பதில்லை. “எனக்கு 53 வயது” என்ற வரியிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் பட்ட வரியை மட்டும் முதலில் கொண்டுவந்து, அடியில் கோடு போடுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும், வாய் திறக்கும் முன்னால், அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிடுங்கள். அதைப் படித்தும் ஒருவர் சிரித்தால், தாளை எடுத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போங்கள்.